துண்டு ராவுத்தரும் கோல்கீப்பரின் விலையும்

கொச்சியில் வாயால் பிழைக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு தடவைகூட ஒரு விலையை வாய்விட்டுச் சொல்லாமல் ஆயுள் முழுக்கத் தரகராகவே பிழைத்த ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அவருக்குத் துண்டு ராவுத்தர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. நாம் போய்க் கதவைத் தட்டினால் அவர் மனைவியே, "துண்டு வீட்டுல இல்லே, ஜும்மாவுக்குப் போயிருக்கு" என்றுதான் சொல்வார்.

மிளகு, சுக்கு, ஏலக்காய் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பது அவர் தொழில். தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களைத் தொட்டும் அழுத்தியும் விலை பேசுவார். சுற்றி நிற்கிற ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. தொட்ட விரல் எத்தனையோ அத்தனை. அது நூறா, ஆயிரமா என்று விரல் சொல்லாது; சரக்கு என்ன நிலவரத்தில் போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதானே. விரல்களை மடக்கிக் கையை மூடிவிட்டால், இதற்கு விலை கிடையாது, பேச்சை விடு என்று அர்த்தம்.

மற்ற தரகர்களெல்லாம் போனில் கத்தி வியாபாரம் பண்ணத் தொடங்கிய பிறகும் ராவுத்தர் துண்டை விடவில்லை. "விலைங்கறது ரெண்டு பேருக்குள்ள உள்ள காரியம், மாஷே. அதை நாலு பேர் கேக்கப் பறயறது, வேட்டியை அவுத்துப் போட்டுட்டு பஜார்ல நடக்கற மாதிரியாக்கும்" என்பார்.

மாஷ் என்றது என்னை. நான் அப்போது வெலிங்டன் தீவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கப்பல் சரக்குக் காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறவன் மாஷாகத்தான் இருக்க முடியும் என்பது ராவுத்தரின் தீர்ப்பு. அதை எதிர்த்து அப்பீல் போட இடமில்லாததால் தெரு முழுக்க எனக்கு மாஷ் என்றே ஆகிவிட்டது.

அவருடைய மிளகுக் கிடங்குக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருந்தேன். அந்த வீட்டுக்கு வாடகை பேசிய கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளங்கையில் கூச்சம் அதிகம். துண்டைப் போட்டு அவர் என் விரலைத் தொட்டதும் நான் சிரித்துவிட்டேன். வாடகையைக் கேட்டு நான் கேலியாகச் சிரிக்கிறேன் என்று நினைத்து அவர் ஒரு விரலைக் குறைத்தார். நான் இன்னும் சிரித்தேன். அவர் முகம் சுண்டிப்போய் இன்னொரு விரலைக் குறைத்தார். கண்ணில் நீர் வர நான் சிரித்து முடித்தபோது மாடி எனக்குப் பாதி வாடகைக்கு வந்திருந்தது. விஷயம் தெரிந்த பிறகு அவர் என் கையைப் பிடிக்கவே இல்லை. "மாஷுக்கு வியாபாரம் ஆகாது. விரல்ல சிரிப்பை வெச்சிருக்கார்" என்று தெருவில் சொல்லிவைத்தார்.

மீன்காரச் சேவியரிடம் மத்தி வாங்குவதும் துண்டுக்கு அடியில்தான். செதில் ஒட்டிய துண்டோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்குப் பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வரும். ஒருமுறை காய்ச்சல் என்று புதிதாக வந்த டாக்டரிடம் போனார். ஃபீஸ் எவ்வளவு என்று வாயால் கேட்க முடியாதே. டாக்டரின் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு, விரலை மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறார். டாக்டர் பயந்துபோய், கை விரல்கள் தாமாகவே துடிக்கின்றன என்று எழுதி, நரம்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே போய் அந்த டாக்டரிடமும் துண்டை விரித்தார். கொஞ்ச நாளைக்கு அவர் வீட்டில் எல்லாரும் அவரை நோயாளியாகவே நடத்தினார்கள்.

பெண்களிடம் மட்டும் துண்டை விரிக்க மாட்டார். அந்நியப் பெண்ணின் கையைத் தொடக் கூடாது. விலையை வாயால் சொல்லவும் கூடாது. ஆகவே பெண்கள் நடத்தும் கடைப் பக்கமே அவர் போனது கிடையாது. இந்த ஏற்பாட்டில் ஒரு நாள் பெரிய ஓட்டை விழப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

கிடங்குக்கு எதிரே மொய்தீனின் சாயாக்கடை. மொய்தீனின் மகள் ஷம்னா. நெடுநெடுவென்று உயரம், முறம் போல இரண்டு கைகள். ஃபுட்பால் கோல்கீப்பர். ஜில்லா டீம், ஸ்டேட் டீம் எல்லாம் ஆடிவிட்டாள். கேரளத்தில் ஃபுட்பாலுக்கு உயிரை விடுவார்கள், ஆனால் பெண்கள் ஆடினால் பரிசு குக்கர். அவள் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் கப்போடு ஒரு பிரஷர் குக்கரும் கொண்டுவருவாள். மொய்தீன் வீட்டில் பீரோவுக்கு மேலே குக்கர், கட்டிலுக்கு அடியில் குக்கர். சொந்தக்காரர் கல்யாணம் வந்தால் மொய்தீனுக்குச் செலவே கிடையாது.

குக்கரைக் கொடுத்து பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியாதல்லவா. அதனால் ஷம்னா பகலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். விடியற்காலையில் பயிற்சி, அப்புறம் கடை. மேட்ச் என்று லீவு கேட்டுக் கேட்டு முதலாளி ஒரு நாள், பந்தா பில்லா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லிவிட்டார். துபாயில் இருக்கும் அவள் பெரியம்மா மகள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலைக்கு விசா தயாராக வைத்திருந்தாள். ஷம்னா கையுறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, "இந்த சீசன் பார்ப்பேன் மாஷே. பந்தைப் பிடிச்சு வயிறு நிறையலேன்னா துபாய்க்குப் போயிடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாயாக்கடை டிவியில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு வீராங்கனைகளை ஏலம் எடுக்கும் காட்சி வந்தது. மேடையில் ஒருவர் சுத்தியலோடு நிற்க, கீழே கோட்டு போட்டவர்கள் பலகையைத் தூக்கித் தூக்கி விலை ஏற்றினார்கள். சாயா குடிக்க வந்த ராவுத்தர் அதைப் பார்த்து வெலவெலத்துப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"படச்சோனே, விலையை மைக்ல பறயறானே. இவனுக்கெல்லாம் உம்மா வாப்பா இல்லையா?"

"அது அப்படித்தான் இக்கா. இப்போ பொண்ணுங்களுக்கும் வந்தாச்சு. கோடிக்குப் போகுது" என்றான் மொய்தீன்; ராவுத்தர் தெருவுக்கே இக்கா, அதாவது அண்ணன்.

கோடி என்றதும் துண்டு கொஞ்சம் இறங்கி ஒரு கண் தெரிந்தது. திரையில் ஒரு பெண்ணின் வீட்டைக் காட்டினார்கள். விலை முடிந்ததும் அவளுடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். துண்டு முழுசாக இறங்கியது. ராவுத்தர் சாயாவை ஆறவிட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தார். போன வருஷம் எவ்வளவுக்குப் போனார்கள், அதற்கு முந்தின வருஷம் எவ்வளவு என்று என் போனில் தேடச் சொன்னார். நான் வாய்விட்டுப் படித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு போன் திரையை மட்டும் பார்த்தார்.

"எடா மொய்தீனே, இது ஏறுற சரக்காக்கும்."

"அது கிரிக்கெட், இக்கா. இவ புட்பால். அதுலயும் கோல்கீப்பர். கோல் போடறவளுக்கே குக்கர்தான்."

"ஏலக்காக்கு ஆள் வந்தா சுக்குக்கும் வருவான். நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். மோளுக்கு நான் விலை பேசறேன்."

உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஷம்னா எட்டிப் பார்த்தாள். "மாமா, நான் சரக்கு இல்லே."

"தெரியும் மோளே. சரக்கு எங்கயாவது டைவ் அடிக்குமா?"

அடுத்த வாரம் ஃபோர்ட் கொச்சியில் ஒரு மேட்ச். ராவுத்தர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆட்டத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷம்னா பறந்து விழுந்து ஒரு பந்தைத் தட்டினாள். மைதானமே எழுந்து கத்தியது. ராவுத்தர் அப்போதும் திரும்பவில்லை.

"ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது, இக்கா."

"சரக்கை மாஷ் பாருங்க. நான் வாங்கற ஆளைப் பாக்கறேன்."

இடைவேளை முடிந்து டீம்கள் பக்கம் மாறின. ஷம்னா மறுகோடி கோலுக்குப் போனாள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பாதி எழுந்து, அவளுக்குப் பின்னால் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுகோடிக்கு நடந்தது. கடைசியில் கடலைக்காரனும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ராவுத்தர் என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா மாஷே, கடலை வண்டி போகுது. எல்லாரும் கோல் விழற பக்கம் போவான். இங்கே கோல் விழாத பக்கத்துக்கு வண்டியைத் தள்றான்."

அதே மாதம் பெங்களூரிலிருந்து ஒரு கிளப் ஷம்னாவைத் தேடி வந்தது. வந்தவள் மானேஜர், முப்பது முப்பத்தைந்து வயசுப் பெண். கையில் லேப்டாப். பேச்சு இங்கிலீஷ். சாயாக்கடையில் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, நான் மொழிபெயர்ப்பாளன், ராவுத்தர் தரகர், மொய்தீன் தகப்பன் என்று உட்கார்ந்தோம். ஷம்னா அடுப்புப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராவுத்தர் அன்றைக்குத் துண்டை இஸ்திரி போட்டிருந்தார். வாங்குவதற்கு ஒரு பெண் வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

மாதம் பதினைந்தாயிரம், மூன்று சீசனுக்கு ஒரே ஒப்பந்தம் என்றாள் மேடம். ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதுவும் பெங்களூர் வாடகைக்கே போய்விடும். மொய்தீன் பேனாவைத் தேடினான். ராவுத்தர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"ஏறுற சரக்கை மூணு வருஷத்துக்கு இன்னிக்கு விலைக்கு எழுதிக் குடுப்பானாடா ஒருத்தன்? மாஷே, மேடத்துக்கிட்டே சொல்லுங்க. ஒரு வருஷம். அப்புறம் புதுசாப் பேசணும்."

சொன்னேன். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை, அதுதான் கஷ்டம் என்றாள் மேடம். அதற்கு ராவுத்தர் கடலை வண்டியின் கதையைச் சொன்னார். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மேடம் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டாள். சிரித்தாள். உண்மையா என்று ஷம்னாவைப் பார்த்துக் கேட்டாள். பிறகு, "சரி, நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? சொல்லுங்கள், முடிந்தால் தருகிறேன்" என்றாள்.

ஆயுளில் முதல் தடவையாக ராவுத்தருக்கு வழி அடைத்துவிட்டது. துண்டை எடுத்தார். மேடத்தின் கையைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார்.

"என்கிட்டே சொல்லுங்க இக்கா. நான் மேடத்துக்குச் சொல்றேன்" என்று கையை நீட்டினேன்.

"மாஷ் வேணாம். சிரிச்சுக் கெடுத்துடுவீங்க. எடா மொய்தீனே, கையைக் குடு."

மொய்தீன் கையைத் துண்டு மூடியது. ராவுத்தர் கண்ணை மூடி ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நிதானமாக அழுத்தி, கட்டைவிரலை இன்னொரு தடவை அழுத்தினார். மொய்தீன் சாயா ஆற்றிய மனிதன், மிளகு விற்றவன் இல்லை. விரலை எண்ணினானே தவிர நிலவரம் எதுவென்று அவனுக்குத் தெரியாது. முகம் மலர்ந்து மேடத்தைப் பார்த்தான்.

"ஆறாயிரம்."

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மேடத்துக்கு அதற்குள் அவ்வளவு தமிழ் வந்திருந்தது. "நாங்கள் பதினைந்து தருவதாகத்தானே சொன்னோம்?" என்று குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். ராவுத்தர் முகம் அவித்த மரவள்ளிக்கிழங்கு போல வெளுத்துவிட்டது. அறுபதாயிரம் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. ஆனால் சொல்ல வேண்டியது தரகரல்லவா. வாயைத் திறந்தார்.

"அ..." என்றார். "அ... அ..."

"சரி, அஞ்சாயிரம்" என்றான் மொய்தீன், இன்னும் மலர்ந்த முகத்தோடு.

இன்னும் ஒரு எழுத்து ராவுத்தர் வாயிலிருந்து வந்திருந்தால் மொய்தீன் மகளை இனாமாகவே கொடுத்திருப்பான். மேடம் நாகரிகமானவள், பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பேனாவைத் திறந்து, அப்படியானால் பழைய பதினைந்தையே வைத்துக்கொள்ளலாமே என்பது போல ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அடுப்புப் பக்கம் பார்த்தேன். அங்கே ஷம்னா இல்லை.

அவள் பெஞ்சுக்கு வந்துவிட்டிருந்தாள். ராவுத்தர் கையிலிருந்த துண்டை உருவி எடுத்தாள். மேடத்துக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"மேடம், கை குடுங்க. ஒரு விரல்னா பத்தாயிரம். வேணாம்னா விரலை மடக்கிடுங்க. ஒரு சீசன்தான், அடுத்த வருஷம் மறுபடி துண்டு. குக்கர் வேணாம்."

நான் இங்கிலீஷில் சொன்னதும், இதில் குக்கர் எங்கிருந்து வந்தது என்று மேடம் என்னைக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். மேடம் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தாள். பந்து பிடிக்கிற அந்தப் பெரிய கையும் லேப்டாப் தட்டுகிற சின்னக் கையும் துண்டுக்குள் போயின. துண்டு அசைந்தது. நின்றது. மேடம் தலையை ஆட்டி இல்லை என்றாள். துண்டு மறுபடி அசைந்தது. ஷம்னா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெனால்டி அடிக்க வருகிறவளைப் பார்ப்பது போல. கடைசியில் மேடம் "அம்மா, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே கையை வெளியே எடுத்து உதறினாள். ஒப்பந்தத்தில் மூன்றை அடித்து ஒன்று என்று எழுதினாள். சம்பளத்தையும் அடித்துவிட்டு என்னவோ எழுதி, ஷம்னா பக்கம் தள்ளினாள். ஷம்னா கையெழுத்துப் போட்டு மடித்துக் கொடுத்தாள்.

அந்தத் தொகை என்ன என்று இன்றைக்கு வரை கொச்சங்காடியில் ஒருவருக்கும் தெரியாது. மொய்தீனுக்குத் தெரியும், ஆனால் அவன் எந்தத் தொகையைச் சொன்னாலும் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஜவுளிக்கடையில் ஷம்னா அன்று சாயங்காலமே கணக்கு முடித்தாள். துபாய் விசாவில் பெரியம்மா மகளின் தம்பி போனான். சாயாக்கடைக்குச் சுவர் அகலத்துக்கு டிவி வந்தது. ராவுத்தருக்குத் தொகையைக் கேட்க நாக்கு துறுதுறுத்தது என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் முடியாதே. "துண்டுக்கு அடியில நடந்தது துண்டுக்கு அடியிலயே இருக்கட்டும்" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறார்.

பெங்களூர் புறப்படும் அன்று ஷம்னா கிடங்குக்கு வந்தாள். "மாமா, உங்க தரகு என்ன?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். "விலை பேசினது நீ. தரகு நான் தரணும். கொண்டு போ."

இதெல்லாம் முடிந்து நான் மாற்றலாகி ஊர் திரும்பிவிட்டேன். ஷம்னாவின் மேட்ச் டிவியில் வந்தால் விடுவதில்லை. எல்லாக் கோல்கீப்பரும் கை துடைக்க வலையில் ஒரு டவல் மாட்டிவைப்பார்கள். அவள் கோலில் மட்டும் சிவப்புக் கரை போட்ட துண்டு தொங்கும். மழை ஆட்டங்களில் ஒவ்வொரு பந்துக்கும் அதை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வாள். அடுத்த வருஷம் பேச்சுக்கு வந்த மேடம் தானாகவே ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

போன மாதம் ஒரு வேலையாகக் கொச்சிக்குப் போனேன். ராவுத்தர் வெறுந்தோளோடு சாயாக்கடையில் உட்கார்ந்து பழைய மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு வியாபாரம் மந்தமா என்று கேட்டேன். வியாபாரமே நின்றுவிட்டது என்றார். மீன்கூட இப்போது மருமகன்தான் வாங்குகிறானாம்.

"வேற துண்டு வாங்கலாமே, இக்கா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எப்படி மாஷே வாங்கறது? கடைக்காரன்கிட்டே விலை பேச வேணாமா? அதுக்குத் துண்டு வேணுமே."

அன்று மாலை நான் பஜாருக்குப் போய், சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று வாங்கி வந்து அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார். முனையைப் பிரித்து, கரையை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வருஷமாக ஒதுக்கிவைத்திருந்த என் கையைப் பிடித்து இழுத்து, புதுத் துண்டை மேலே போட்டு, இதற்கு என்ன விலை என்று விரலால் கேட்டார்.

நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடினேன். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுக்கவில்லை. டிவியில் ஷம்னா எதையோ பிடித்திருக்க வேண்டும், கடை முழுக்கக் கத்தியது. எனக்கு உள்ளங்கையில் அன்றைக்குக் கூச்சமே வரவில்லை.